தொட்டபெட்டாவை விட உயரத்தில் இரண்டு இரவுகள்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

டல்லாஸ் பக்கம் வசிக்கும் 39 வயது வாசகி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். நவம்பரில் மதுரையிலிருந்து அவருடைய அம்மா ஆறு மாதம் தங்க வருகிறார். அம்மாவுக்கு 67 வயது. டிசம்பர் கடைசி வாரத்தில் வாசகி, கணவர், ஒன்பது வயது மகன், அம்மா என்று நால்வரும் மெக்சிகோவின் சான் லூயிஸ் பொத்தோசி மாநிலத்தில் ரெயால் தெ கத்தோர்சே என்ற பழைய வெள்ளிச் சுரங்க மலையூருக்குப் போவதாகத் திட்டம். காலையில் விமானத்தில் மான்டெர்ரே, அங்கே ஒரு வாடகைக் கார், அன்று இரவே மலைமேல். இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புவது.

"அம்மாவுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை டாக்டர், வழக்கமான பிபி, சுகர், முட்டி வலிதான். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அதையும் முட்டியின் மேல் போட்டுவிடுவார்" என்று எழுதியிருக்கிறார். பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் கலந்த மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும். சுத்த சைவம். தம்பி "லடாக் மாதிரி ஆகிவிடும், டயமாக்ஸ் போடுங்கள்" என்கிறாராம், உயர நோயைத் தடுக்கப் போடும் மாத்திரை அது. தோழி "கோகா இலை டீ குடித்தால் போதும்" என்கிறாராம். கணவரின் நண்பர் ஒருவர், அந்த ஊர்ப் பக்கம் பெயோத்தே என்ற போதை தரும் கள்ளியைச் சாப்பிடுவது சட்டப்படி சரிதான், ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு மெக்சிகோ விசா எடுக்க அலைகிறார்கள். கடைசியில் ஒரு வரி: "உயரத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பயந்துவிடுவார்."

இனி உங்களிடமே பேசுகிறேன்.

போகலாம். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டப்படி வேண்டாம். உங்கள் தம்பி பயப்படுவது உயரத்தைப் பார்த்து. எனக்குக் கவலை தருவது இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று, முதல் நாளே மேலே ஏறிப் படுப்பது. இன்னொன்று, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த "இரண்டு மாடி".

உயரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஊர் சுமார் 2,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சி 2,637. அதாவது தொட்டபெட்டா உச்சியிலிருந்து இன்னும் நூறு மீட்டர் மேலே ஒரு கட்டில் போட்டுப் படுப்பது போல. லே நகரம் 3,500 மீட்டர், அது வேறு கணக்கு, தம்பி இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். ரெயாலில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் 72 சதவீதம் அளவுக்கு இருக்கும். கேட்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் நீண்ட தூர விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாகத்தான் வைத்திருப்பார்கள். ஆக, உங்கள் அம்மா அமெரிக்கா வந்து சேரும் விமானத்திலேயே கிட்டத்தட்ட அந்த உயரத்தில் பல மணி நேரம் உட்கார்ந்து, தூங்கி, சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். வித்தியாசம் என்னவென்றால் விமானத்தில் யாரும் கருங்கல் பாவிய செங்குத்துத் தெருவில் ஏறச் சொல்வதில்லை.

அதனால்தான் அந்த இரண்டு மாடியைப் பற்றிக் கேட்கிறேன். முட்டி வலித்தால் நடை நிற்கும், கால் இழுக்கும், உட்காரத் தோன்றும். மூச்சு வாங்குவது முட்டியின் வேலை இல்லை. பழக்கம் விட்டுப்போன உடம்பாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், இதயமாகவும் இருக்கலாம். சுகர் உள்ள பெண்களுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்பு நெஞ்சு வலியாக வராமல் வெறும் மூச்சிரைப்பாகவே வருவதுண்டு. அம்மா இன்னும் மதுரையில்தான் இருக்கிறார் என்பது உங்கள் அதிர்ஷ்டம். கிளம்புவதற்கு முன்னால் அங்கேயே ஈசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின், பொட்டாசியம், மூன்று மாத சுகர், இவ்வளவையும் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனையும். அமெரிக்கா வந்தபிறகு பார்த்தால் செலவு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும், வருகையாளர் காப்பீடும் முன்பே இருந்த நோய்க்கு என்றால் பெரும்பாலும் கையை விரித்துவிடும். எக்கோவும் ரத்தமும் நன்றாக இருந்து, பிபி கட்டுக்குள் இருந்தால் என் தரப்பில் தடை இல்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நடந்தாலே நெஞ்சு பிடிப்பவர்கள், நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறியிருப்பவர்கள் என்றால் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

முதல் இரவு கீழே

திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மான்டெர்ரே 500 மீட்டர் சொச்சம், ரெயால் 2,750. ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேல் ஏறி அங்கேயே படுக்கிறீர்கள். நடுவில் மாத்தெவாலா என்ற ஊர் இருக்கிறது, சுமார் 1,600 மீட்டர். முதல் இரவு அங்கே தங்கிவிட்டு, மறுநாள் காலை சாப்பிட்டு நிதானமாக மேலே போங்கள். இதில் இரண்டு லாபம். உடம்பு ஒரு படி பழகிவிடும். அதோடு இருட்டில் ஓட்ட வேண்டியிருக்காது. கிறிஸ்துமஸ் வாரத்தில் டெக்சாஸிலிருந்து சொந்த ஊர் திரும்பும் மெக்சிகோக் குடும்பங்களின் வண்டிகளால் 57ஆம் எண் நெடுஞ்சாலை நெரிசலாக இருக்கும், நீங்கள் நினைக்கும் நேரத்தில் போய்ச் சேர முடியாது. நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்த பிறகு இருபது கிலோமீட்டருக்கு மேல் கல் பாவிய சாலை, வண்டி தடதடவென்று ஆடும், அம்மாவுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் முன் சீட்டு கொடுங்கள். அதன் முடிவில் ஒகாரியோ சுரங்கப்பாதை. 1901இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஒரு வண்டி மட்டும் போகும் அகலம். இரு முனையிலும் ஆள் நின்று ஒரு பக்கத்தை நிறுத்தி மறு பக்கத்தை விடுவார்கள். உள்ளே புகை தேங்கும் என்பதால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். மூடிய இடம் என்றால் அம்மாவுக்குப் பதறும் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மேலே போன முதல் நாள் வேலை எதுவும் வைக்காதீர்கள். கோயில், சதுக்கம், ஒரு காபி, அவ்வளவுதான். உயர நோய் வருவதாக இருந்தால் போய்ச் சேர்ந்த ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலியோடு தொடங்கும், கூடவே குமட்டல், அசதி, தூக்கம் பிடிக்காமல் போவது. பாராசிட்டமால், ஓய்வு, வழக்கமான அளவு தண்ணீர் போதும், ஓரிரு நாளில் அடங்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ காலை வரை பார்ப்போம் என்று இருக்கக்கூடாது, அப்போதே இறங்க வேண்டும். இந்த உயரத்தில் அது அபூர்வம். ஆனால் பெரிய மருத்துவமனை என்றால் மாத்தெவாலாவுக்குத்தான் இறங்க வேண்டும், சுரங்கப்பாதையும் கல் சாலையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவசர எண் அங்கேயும் 911தான்.

டயமாக்ஸ் உங்களுக்கு வேண்டாம். இந்த உயரத்துக்கு, முன்பு உயர நோய் வராதவர்களுக்கு, அது அவசியமில்லை. அம்மா ஏற்கெனவே சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுக்கிறார், அதன்மேல் இதுவும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும், இரவெல்லாம் குளிரில் பாத்ரூமுக்கு நடப்பார். கோகா டீ கதை எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. அது பெரு, பொலிவியா பக்கத்து வழக்கம். மெக்சிகோ மலையில் கோகாவுக்கு வேலையே இல்லை. எங்கேயாவது கிடைத்து, பையில் போட்டுக்கொண்டு அமெரிக்கா திரும்பினால் அது தடை செய்யப்பட்ட பொருள்.

விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சரி, வாங்குங்கள், ஆனால் 90, 91 என்று காட்டினால் அலறாதீர்கள், அங்கே அது இயல்பு. குளிர்ந்த விரலில் பொய்யும் சொல்லும். எண்ணை விட முகத்தைப் பாருங்கள்.

குளிரும் கணப்பும்

இதை நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். டிசம்பர் இரவில் அங்கே குளிர் பூஜ்யத்தை ஒட்டி வரும், சில இரவு கீழேயும் போகும். பழைய கல் வீடுகளைத்தான் விடுதியாக்கியிருக்கிறார்கள், மைய வெப்ப வசதியை எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். கணப்பு அடுப்போ சிறிய கேஸ் ஹீட்டரோ இருக்கலாம். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அதை எரியவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சேரும், மணமும் இல்லை நிறமும் இல்லை. அதன் முதல் அறிகுறிகள் தலைவலி, குமட்டல், அசதி. உயர நோயும் இதே மாதிரிதான் தொடங்கும், "ஓ, உயரத்தால்தான்" என்று மாத்திரை போட்டுவிட்டு மறுபடி படுப்பீர்கள். நால்வரில் இருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலைவலி என்றால், அறையை விட்டு வெளியே வந்ததும் தெளிந்தால், சந்தேகம் கணப்பின்மேல்தான் வர வேண்டும். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பானை டல்லாஸிலேயே வாங்கிப் பையில் போடுங்கள். தூங்கும் முன் நெருப்பை அணைத்துவிட்டுக் கனமான போர்வை கேளுங்கள். அம்மாவுக்குக் குரங்குக் குல்லாவும் உல்லன் சாக்ஸும் மதுரையிலிருந்தே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

முட்டிக்கு: தெரு எல்லாம் கல், சரிவு. ஏறுவதை விட இறங்குவதுதான் முட்டியைக் கொல்லும். சதுக்கத்தை ஒட்டிய விடுதியாக, தரைத்தள அறையாகக் கேளுங்கள். ஒரு கைத்தடி, அழுத்தமான ஷூ. செருப்பு வேண்டாம்.

சாப்பாடும் வயிறும்

"மதுரைத் தண்ணி குடிச்ச வயிறு, எதையும் தாங்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி உண்மைதான். சில கிருமிகளுக்கு எதிர்ப்பு இருக்கும், ஆனால் எல்லா ஊர்க் கிருமிக்கும் ஒரே உடம்பு பழகியிருக்காது, டல்லாஸில் பிறந்த உங்கள் மகனுக்கோ அந்தப் பாதுகாப்பும் இல்லை. குழாய்த் தண்ணீர் பல் தேய்க்கக்கூட வேண்டாம். பெரிய கேனில் வரும் சுத்திகரித்த தண்ணீரை அங்கே கர்ரஃபோன் என்பார்கள், விடுதியில் கேட்டால் கொடுப்பார்கள். சுடச்சுட வருவதைச் சாப்பிடுங்கள். சோளத் தோர்த்தியா என்பது மக்காச்சோளம், சுண்ணாம்பு, தண்ணீர், அவ்வளவுதான், பயமில்லாமல் சாப்பிடலாம், சுட்ட தோர்த்தியாவும் கள்ளி மடலில் செய்யும் நோப்பாலும் உங்கள் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்த வறண்ட மேட்டு நிலத்தில் ஒரு வகை உருண்டைக் கள்ளியின் மொட்டைக் கபூச்செ என்று சமைப்பார்கள், அதுவும் சைவம்தான்.

சைவத்துக்குக் கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. மசித்து வறுத்த பீன்ஸில் மன்த்தேக்கா, அதாவது பன்றிக் கொழுப்பு, சேர்ப்பது சாதாரணம். சோற்றையும் சூப்பையும் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்வார்கள். "இறைச்சி இல்லை" என்று சொன்னால் இந்த இரண்டும் அவர்கள் கணக்கில் வராது, ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அது இறைச்சி இல்லை. "சின் கார்னே, சின் போயோ, சின் மன்த்தேக்கா, சின் கால்தோ தெ போயோ" என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சின் என்றால் இல்லாமல். காய்ச்சாத ஆட்டுப் பாலில் செய்த பாலாடைக்கட்டி மட்டும் வேண்டாம், அதிலிருந்து புருசெல்லா காய்ச்சல் வரும், மாதக்கணக்கில் படுத்தும்.

ஓஆர்எஸ் பொட்டலம் எடுத்துப் போங்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாமல் போனால் அம்மாவின் மாத்திரைகளே அவருக்கு எதிரியாகும். சாப்பாடு இல்லாமல் கிளிமெபிரைடு போட்டால் சுகர் திடீரென்று இறங்கும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது பிபி மாத்திரை சிறுநீரகத்தைப் படுத்தும், சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் சேர்ந்து ஆபத்தாகும். எந்த நிலையில் எதை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நன்றாக இருக்கும்போது, மலை ஏறுகிறோம் என்பதற்காக, எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மாத்திரைகளை அட்டையோடும் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள், டப்பாவில் கலந்து கொட்டி எடுத்துப் போகாதீர்கள். அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும், மெக்சிகோவில் அது தடை. அம்மாவின் பிபிக்கும் அது ஆகாது, ஆகவே வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

ஜீப், குதிரை, பெயோத்தே

பழைய வில்லிஸ் ஜீப்பில் மலையிலிருந்து எஸ்தாசியோன் கத்தோர்சே என்ற ரயில் நிலைய ஊருக்கு இறங்குவது பிரபலம். கூரையில் உட்கார்ந்து போவார்கள், படம் எடுப்பார்கள். உங்கள் மகன் கேட்பான். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. உள்ளே உட்கார வைப்பதாக இருந்தால் போங்கள், கூரை வேண்டாம், இதில் நான் பேரம் பேச மாட்டேன். குதிரைச் சவாரிக்கு அவனுடைய சைக்கிள் ஹெல்மெட்டையே எடுத்துப் போகலாம், ஒன்றுமில்லாததற்கு அது மேல். கைவிட்ட சுரங்கக் குழிகளுக்குள் எட்டிப் பார்க்க விடாதீர்கள், விழுவது ஒரு பக்கம், வௌவால் இன்னொரு பக்கம். நாய் மூலம் பரவும் வெறிநோயால் மனிதர் இறப்பதை ஒழித்த முதல் நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் மெக்சிகோவை அங்கீகரித்தது, ஆனால் வௌவாலுக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. எது கடித்தாலும் கீறினாலும் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போக வேண்டும்.

பெயோத்தே விஷயத்தில் கணவரின் நண்பர் சொன்னது தப்பு. மலைக்குக் கீழே விரியும் பாலைநிலம் விரிக்குத்தா, விராரிகா மக்களின் புனித பூமி. ஹுய்ச்சோல் என்று வெளியார் சொல்வது அவர்களைத்தான். பல நூறு கிலோமீட்டர் தாண்டி யாத்திரையாக வந்து, சடங்குக்காக அந்தக் கள்ளியைச் சேகரிப்பார்கள். சட்டம் விலக்கு தருவது அவர்களுடைய சடங்குக்கு. பயணிக்கு இல்லை. பறித்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். அதில் இருக்கும் மெஸ்கலின் வாந்தியை வரவழைக்கும், நாடித் துடிப்பையும் பிபியையும் ஏற்றும், மருத்துவமனை ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊரில் அதைச் சோதித்துப் பார்ப்பது என்ன புத்தி என்று எனக்குப் புரியவில்லை. அமெரிக்காவில் விசாவில் இருப்பவருக்குப் போதைப்பொருள் வழக்கு என்றால் வேலை, வீடு எல்லாமே ஆட்டம் காணும். விராரிகா மக்களுக்குப் புனிதமான எல் கெமாதோ குன்றுக்குக் குதிரையில் போனால் அங்கே வைத்திருக்கும் காணிக்கைகளைத் தொடாமல் திரும்புங்கள், நம்மூர்க் கோயிலில் அம்மன் காலடியில் கிடப்பதை யாராவது எடுத்துப் படம் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும், அதேதான்.

விசா: அலைய வேண்டியது அம்மா இல்லை

இது என் துறை இல்லை, ஆனால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் சுற்றுலாவுக்கு மெக்சிகோ தனியாக விசா கேட்பதில்லை. அம்மாவிடம் அது இருக்கிறது. பாஸ்போர்ட்டில் உள்ள உங்கள் எச்1பி வேலை விசா முத்திரை (ஸ்டாம்பிங்) காலாவதியாகிவிட்டது, ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் மட்டும் இருக்கிறது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான். அந்தக் காகிதம் மெக்சிகோவுக்குள் நுழைய உதவாது, மெக்சிகோ விசா எடுக்க வேண்டியவர் நீங்கள். முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய ஸ்டாம்போடு அமெரிக்காவுக்குள் வர ஒரு வழி உண்டு, அது உங்களுக்குப் பொருந்துமா என்று குடியேற்ற வக்கீலிடம் கேட்டபிறகு டிக்கெட் போடுங்கள். அப்படியே அம்மாவின் காப்பீடு மெக்சிகோவில் செல்லுமா, எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் அமெரிக்கக் கார் காப்பீடும் அங்கே செல்லாது, வாடகைக் காருக்கு மெக்சிகோவின் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பெசோவை மாத்தெவாலாவிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

கடைசியாக அந்த வரி. அம்மாவிடம் சொல்லுங்கள். பயப்படுவார் என்பதற்காக மறைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நாற்பது வருடமாக இந்த வயது அம்மாக்களைப் பார்க்கிறேன், பிள்ளைகள் இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்திருக்கும்போது இரவு இரண்டு மணிக்குத் தலை வெடித்தாலும் "ஒண்ணுமில்லடி, நீ தூங்கு" என்பார்கள். எது வந்தால் சொல்ல வேண்டும் என்று தெரியாதவர் எப்படிச் சொல்வார்? இன்று போனில், "அம்மா, தொட்டபெட்டாவை விடக் கொஞ்சம் உயரம், தலைவலி வரலாம், வந்தால் மறைக்கக் கூடாது, மறைத்தால் எல்லாருக்கும் கஷ்டம்" என்று சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்பது அவருடைய உரிமை. அப்படிச் சொன்னால் அவரைக் கீழே விடுதியில் தனியாக விட்டுவிட்டு நீங்கள் மட்டும் மேலே போகாதீர்கள். மாத்தெவாலாவிலேயே எல்லாரும் தங்கி, ஒரு பகல் மட்டும் மேலே போய் மாலையில் இறங்கிவிடலாம், உயர நோய் பெரும்பாலும் அங்கே படுத்துத் தூங்குபவர்களைத்தான் பிடிக்கும். எக்கோ முடிவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.